உப்பில்லாத கீரையும் சேரன்மாதேவிப் பந்தியும்

மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கம் உப்பளத்தில் வேலை கிடையாது. சித்திரை வைகாசியில் மரக்காணம் வழியாகப் போனவர்களுக்குத் தெரியும், கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு ரோட்டின் ரெண்டு பக்கமும் வெள்ளை வெளேர்னு கூசும். அதே இடத்தை ஐப்பசி கார்த்திகையில் பார்த்தால் ஏரி மாதிரி கிடக்கும். பாத்தியும் தெரியாது, வரப்பும் தெரியாது. மேட்டில் குவிச்ச உப்பை ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடி வச்சிருப்பாங்க. ஜனங்க வீட்டில் இருப்பாங்க. பிள்ளைகளும் இருக்கும்.

நான் வாத்தியார் இல்லை. புதுச்சேரியில் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில், ஒரு பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கிட்டிருக்கேன். மூணு வருஷமாச்சு. பாடம் கிடையாது, பரீட்சை கிடையாது. உலகத்தில் இருக்கிற நல்ல கதைகளில் எனக்குப் புரிஞ்சதை அதுகளுக்குச் சொல்றது, அவ்வளவுதான். (எனக்கே பாதி புரியாது என்பது வேறு விஷயம்.)

ஆரம்பத்தில் ரொம்பத் திட்டமாத்தான் இறங்கினேன். ஒரு மாசம் "பசி", ஒரு மாசம் "பயணம்", ஒரு மாசம் "அப்பாவும் பிள்ளையும்" என்று தலைப்பு வச்சுக்கிட்டு, ஒவ்வொரு தலைப்புக்கும் நாலு தேசத்துக் கதை. மனுஷன் எங்கே இருந்தாலும் மனுஷன்தானே, பசி எல்லாருக்கும் பசிதானே என்கிற நம்பிக்கை. இது என்னோட கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மனியில் கதே 1827 ஜனவரியில் ஒரு சீன நாவலைப் படிச்சுட்டு, அங்கே உள்ளவங்களும் கிட்டத்தட்ட நம்மளை மாதிரியேதான் நினைக்கிறாங்க, நடந்துக்கறாங்க என்று எக்கர்மன்கிட்ட சொல்லி, இனிமே உலக இலக்கியத்தோட காலம் என்று அறிவிச்சார். அந்த ஒத்தை மாலைப் பேச்சிலிருந்துதான் காலேஜ்களில் நடக்கிற பாதிப் பாடத்திட்டம் கிளம்பி வந்திருக்கு.

போன மழைக்காலம் "உப்பு" என்று ஒரு தலைப்பு வச்சேன். உப்பளத்துப் பிள்ளைகளுக்கு உப்பைப் பத்தி உலக இலக்கியம்! ஐடியா எப்படி? நானே எனக்குக் கை குடுத்துக்கிட்டேன்.

முதலில் எங்க ஆயா சொன்ன கதை. ராஜாவுக்கு மூணு பொண்ணு. என்மேல் எவ்வளவு ஆசைன்னு கேட்கிறான். பெரியவ சக்கரை மாதிரிங்கிறா, நடுவுள்ளவ தேன் மாதிரிங்கிறா, கடைசிப் பொண்ணு உப்பு மாதிரிங்கிறா. விரட்டி விட்டுடறான். அப்புறம் ஒருநாள் உப்பில்லாத விருந்து சாப்பிட்டு அழறான். இதே கதை இங்கிலாந்தில் இருக்கு, ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் எழுதி வச்சதில் இருக்கு. நாட்டுப்புறக் கதைகளுக்கு நம்பர் போட்டு அடுக்கினவங்க இதுக்கு 923ன்னு ஒரு நம்பரும் குடுத்திருக்காங்க. ஷேக்ஸ்பியர் கிங் லியரில் பொண்ணுங்களை வச்சுக்கிட்டு உப்பை எடுத்துட்டார். அதனாலதானோ என்னமோ அங்கே விருந்து கடைசி வரைக்கும் நடக்கவே இல்லை.

அடுத்து சாந்தோக்கிய உபநிஷத்து. உத்தாலகர் தன் பையன் சுவேதகேதுகிட்ட, உப்பைத் தண்ணியில போட்டு வை, காலையில வாங்கறார். காலையில, அந்த உப்பை எடுத்துக் குடுங்கறார். பையன் தேடறான், காணோம். மேல் தண்ணியைக் குடி, நடுவுல குடி, அடியில குடி. எல்லாமே கரிக்குது. கண்ணுக்குத் தெரியலன்னாலும் எங்கும் இருக்கு பார், அதுதான் மெய்ப்பொருள்... என்று நான் குரலைத் தாழ்த்தி முடிக்கப் போறேன், ஏழாவது படிக்கிற ஒருத்தன் எழுந்து, "சார், ஏன் சார் எடுக்க முடியாது? வெயில்ல வச்சா தானா வந்துரும்ல?" என்றான். எல்லாம் கொல்லுனு சிரிச்சுதுங்க. ரெண்டாயிரத்தைந்நூறு வருஷத்துத் தத்துவம் மூணு செகண்டில் க்ளோஸ். அவன் அப்பா அம்மா ரெண்டு பேரும் உப்பு வாருகிறவர்கள்.

அதுக்கப்புறம் சிறுபாணாற்றுப்படை. இங்கேதான் வரலாறு ஆரம்பிக்குது, கொஞ்சம் நிதானமாப் படிங்க.

பத்துப்பாட்டில் ஒன்று, 269 அடி. உ.வே.சா. 1889-ல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோட அச்சில் கொண்டுவந்தார். பாடினவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு எங்கேயோ இல்லை, மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் அடுத்து வருகிற பகுதி. பாடப்பட்டவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனுக்குச் சொல்லப்படுகிற ஊர்களில் கிடங்கில் இன்றைக்குத் திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கு. கடற்கரை ஊர் எயிற்பட்டினம். அது மரக்காணம்தான் என்பது பெரும்பாலான அறிஞர்கள் ஒப்புக்கொள்வது. எயில் என்றாலும் சோ என்றாலும் மதில். கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதி வச்ச பெரிப்ளூஸில் இந்தக் கடற்கரைத் துறைமுகங்களைச் சொல்லும்போது சோபட்மா என்று ஒரு பேர் வருது. அதுதான் சோப்பட்டினம், அதாவது எயிற்பட்டினம் என்று சொல்கிறவர்களும் உண்டு. ராஜராஜன் கால எழுத்தெல்லாம் இருக்கிற பூமீஸ்வரர் கோயிலை மட்டும் பார்த்துட்டுப் போறவங்களுக்கு, இந்த ஊர் அதுக்கும் பல நூறு வருஷம் முன்னாடியே பாட்டில் ஏறின ஊர் என்று தெரியறதில்லை.

ஆற்றுப்படை என்றால், பரிசு வாங்கிட்டு வர்ற பாணன் எதிரில் வர்ற ஏழைப் பாணனிடம், "நீயும் இந்த வழியாப் போ, இன்னார்கிட்ட போ" என்று வழி சொல்றது. வழியில் ஒவ்வொரு ஊரிலும் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றும் சொல்லிடுவாங்க. (நம்ம ஆளுங்க ஊர் சுத்திட்டு வந்து ஹோட்டல் பத்தி எழுதறதுக்கெல்லாம் இதுதான் முன்னோடி!) எயிற்பட்டினத்தில் பரதவர் பழைய கள்ளும் சுட்ட குழல்மீனும் குடுப்பாங்க. ஆமூரில் வெள்ளைச் சோறும் நண்டும். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிச்சுது. சுட்ட மீன் இன்னும் இங்கேதான் இருக்கு.

ஆனா அந்தப் பாட்டின் மையம் சாப்பாடு இல்லை. பரிசு வாங்கறதுக்கு முன்னாடி தன் வீடு எப்படி இருந்துச்சுன்னு அந்தப் பாணன் சொல்றான். இடிஞ்ச அடுக்களை. அதில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கு. இன்னும் கண் திறக்காத குட்டிகள் பால் இல்லாத மடியை இழுக்குது, தாங்க முடியாம தாய் நாய் குரைக்குது. அந்த வீட்டுப் பெண் குப்பைமேட்டில் முளைச்ச வேளைக் கீரையை நகத்தால் கிள்ளிக்கொண்டு வந்து உப்பில்லாமல் வேக வைக்கிறாள். அப்புறம், விவரமில்லாத யாராவது பார்த்துடப் போறாங்கன்னு வெட்கப்பட்டு, கதவைச் சாத்திட்டு, சொந்தம் மொத்தமும் கூடி உட்கார்ந்து அதைச் சாப்பிடுது.

சொல்லி முடிச்சதும் கொஞ்ச நேரம் யாரும் பேசலை. மழை மட்டும். அப்புறம் எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு கேட்டுது.

"சார், அந்த ராஜா ஊரு நம்ம ஊருதானே சார்?"

"ஆமாம்மா."

"அப்ப இங்கதான உப்பு இருந்திருக்கும். அப்புறம் ஏன் சார் அவங்க வீட்ல உப்பு இல்ல?"

எனக்கு உடனே பதில் வரலை. அந்தப் பாணன் வீடு இந்தக் கடற்கரையில் இருந்துச்சுன்னு பாட்டு சொல்லலைம்மா என்று ஏதோ மழுப்பினேன். வீட்டுக்கு வந்து புஸ்தகத்தைத் தேடினேன். அகநானூற்றில் உப்பு விற்கிற பெண் தெருவில் கூவிக்கிட்டு வர்றா, நெல்லுக்குச் சமமா உப்பு. படிக்கு படி! இன்னிக்கு ஒரு கிலோ அரிசி என்ன விலை, ஒரு கிலோ உப்பு என்ன விலைன்னு பார்த்துக்குங்க. உமணர்கள் வண்டி வண்டியா உள்நாட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போய் வித்தாங்க. கடலை விட்டுத் தள்ளிப் போகப் போக உப்பு ஏழைக்கு எட்டாத சரக்கு. கீரை குப்பைமேட்டில் சும்மா கிடைக்கும், உப்பு கிடைக்காது. அதனால்தான் நத்தத்தனார் வறுமையைக் காட்ட அரிசி இல்லைன்னு சொல்லலை, உப்பில்லைன்னு சொன்னார். உப்பு விளையற ஊர்க்காரனைப் பாடற பாட்டில் உப்பில்லாத கீரை. தெரிஞ்சேதான் வச்சிருப்பார் என்பது என் கட்சி.

வெள்ளைக்காரன் காலத்தில் உப்பளமெல்லாம் சர்க்கார் கண்காணிப்புக்குப் போய், உப்பு வரி 1947 வரைக்கும் இருந்ததும் இதே கதையோட தொடர்ச்சிதான். 1930-ல் காந்தி தண்டிக்கும் ராஜாஜி வேதாரண்யத்துக்கும் நடந்ததை எல்லாரும் எழுதியாச்சு, நான் விட்டுடறேன்.

அந்தப் பொண்ணோட கேள்வி வேற இடத்துக்கு என்னை இழுத்துக்கிட்டுப் போச்சு. "பசி" என்று தலைப்பு போட்டுச் சொன்னா எல்லாரோட பசியும் ஒண்ணாத் தெரியும். அந்த உப்பு யார்கிட்ட இருந்துச்சு என்கிற கேள்வி காணாமப் போயிடும். நார்வேக்காரர் நட் ஹாம்சன் 1890-ல் "பசி" என்றே ஒரு நாவல் எழுதினார். அதிலும் ஒருத்தன் பட்டினியை வெளியே காட்டிக்காம மறைக்கிறான். (ஹாம்சனைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் க.நா.சு., நிலவளம் படிச்சிருப்பீங்க.) ரெண்டையும் பக்கத்தில் வச்சா, பசியை விடப் பசிச்சிருக்கறதை அடுத்தவன் பார்த்துடுவானோங்கற வெட்கம்தான் ஊருக்கு ஊர் ஒண்ணா இருக்குன்னு தோணும். பிள்ளைகள் அதை உடனே பிடிச்சுக்கிட்டுதுங்க. கதவை ஏன் சாத்தினாங்கன்னு நான் விளக்கவே வேண்டியிருக்கலை. அதுவரைக்கும் கதே ஜெயிச்சார். உப்பு ஏன் இல்லைங்கற கேள்வியில் தோத்தார்.

சரி, இதைத் தமிழில் முதலில் யார் செஞ்சு பார்த்தாங்க என்று தேடினா, ஆள் எனக்கு முப்பது முப்பத்தஞ்சு கிலோமீட்டர் தள்ளி, நான் தினம் வேலைக்குப் போற ஊரிலேயே இருந்திருக்கார். வ.வே.சு. ஐயர்.

1881-ல் திருச்சி வரகனேரியில் பிறந்தவர். லண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்கப் போய், இந்தியா ஹவுஸ் புரட்சிக்காரர்களோட சேர்ந்து, 1910-ல் மாறுவேஷத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பிரெஞ்சுக்காரன் மண் என்பதால் பிரிட்டிஷ் போலீஸ் கை வைக்க முடியாது. பாரதி, அரவிந்தர் எல்லாம் அப்போ அங்கேதான். 1920 வரைக்கும் பத்து வருஷம். அங்கே இருக்கும்போதுதான் 1916-ல் குறள் முழுசையும் இங்கிலீஷில் கொண்டுவந்தார்.

அந்த ஆள் எழுதின சிறுகதைகளைப் பாருங்க. "குளத்தங்கரை அரசமரம்" தமிழின் முதல் சிறுகதைன்னு சொல்றாங்க, இல்லைன்னும் சொல்றாங்க, தாகூர் கதையின் சாயல்னும் சொல்றாங்க, அந்தச் சண்டைக்கு நான் வரலை. எனக்கு முக்கியம் மத்த கதைகள். "மங்கையர்க்கரசியின் காதல்" தமிழ் மண்ணில் நடக்குது. "அழேன் ழக்கே" பிரெஞ்சு மண்ணில். "எதிரொலியாள்" கிரேக்கத்தில். "லைலா மஜ்னூன்" அரபு தேசத்தில். "அனார்கலி" முகலாயர் அரண்மனையில். எல்லாத்துக்கும் பொருள் காதலும் பிரிவும். ஒரே உணர்ச்சியை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு தேசமாப் போய் வைக்கிறார். நான் திண்ணையில் செஞ்சதை அவர் நூறு வருஷம் முன்னாடி எழுத்தில் செஞ்சிருக்கார்! அப்புறம் கம்பனை ஹோமர், வர்ஜில், மில்டனோட தோளோடு தோள் நிறுத்தி இங்கிலீஷில் ஒரு பெரிய ஆராய்ச்சி எழுதினார். 1921-ல் தேசபக்தன் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரைக்காகச் சிறைக்குப் போய், பெல்லாரி ஜெயிலில் உட்கார்ந்து எழுதினது. அவர் செத்து இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு, 1950-ல்தான் புஸ்தகமா வந்துச்சு.

ஜெயிலிலிருந்து வெளியே வந்ததும் அவர் செஞ்ச காரியம் பள்ளிக்கூடம். 1922-ல் ஆரம்பிச்ச தமிழ்க் குருகுலம். திருநெல்வேலிப் பக்கம் சேரன்மாதேவியில் நடந்துச்சு. தாய்மொழியில் படிப்பு, உடற்பயிற்சி, கைத்தொழில், தேசபக்தி. "பாலபாரதி"ன்னு ஒரு பத்திரிகையும் அங்கிருந்தே. அதில் கம்பராமாயண ரசனை எழுதினார். காங்கிரஸ் பணம் குடுத்துச்சு. ஜாதி பார்க்காம எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துச்சு. உலகமெல்லாம் ஒரே மனசுன்னு நம்பின ஆள் நடத்தற பள்ளிக்கூடம், பின்னே?

சாப்பாட்டுப் பந்தியில் மாட்டிக்கிச்சு. ரெண்டு பிராமணப் பையன்களுக்கு, பெத்தவங்க கேட்டுக்கிட்டதுக்காக, தனியா சாப்பாடு. விஷயம் வெளியே வந்ததுக்குக் காரணமாச் சொல்லப்படறது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் பையன். அவன் அங்கே படிச்சான். அவங்களுக்குன்னு வச்ச தண்ணிப் பானையில் குடிச்சதுக்காகத் தண்டிக்கப்பட்டான், அப்பாகிட்ட போய் அழுதான் என்று பரவலா எழுதியிருக்காங்க. ஓமந்தூர் எங்கே? திண்டிவனம் பக்கம். நம்ம நல்லியக்கோடன் ஆண்ட அதே ஓய்மாநாடு!

இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி நான் சிறுபாணாற்றுப்படையோட கடைசிப் பகுதியைத் திரும்ப எடுத்தேன். பாணனுக்கு நல்லியக்கோடன் எப்படிச் சோறு போட்டான் என்று வருது. அர்ச்சுனனோட அண்ணன் பீமன் எழுதின சமையல் நூல் சொன்ன பிரகாரம் சமைச்ச பலகாரங்கள், பொன் கலத்தில். அதெல்லாம் கூட விடுங்க. ராஜா தானே நின்று, பக்கத்தில் இருந்து ஊட்டி விடாத குறையா உபசரிக்கிறான். உப்பில்லாத கீரையைக் கதவைச் சாத்திட்டுத் தின்னவனுக்கு, ஊர் பார்க்க, ராஜா நின்று பரிமாறிய சோறு. பாட்டோட ரெண்டு முனை அதுதான். அதே நாட்டிலிருந்து ஒரு பையன், பல நூறு வருஷம் கழிச்சு, கம்பனும் ஹோமரும் தெரிஞ்ச ஒரு மகா பெரிய வாத்தியார்கிட்டப் படிக்கப் போய், தண்ணிக்காக அழுதுக்கிட்டுத் திரும்பி வந்திருக்கான்.

ஐயரைத் திட்டறது சுலபம். அவர் ஜாதி பார்க்கிற ஆள் இல்லை, தானே எல்லாரோடயும் உட்கார்ந்து சாப்பிடுவார் என்று அவரோட எதிராளிகளே ஒத்துக்கிட்டாங்க. பெத்தவங்களுக்குக் குடுத்த வாக்கு என்றார். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடலை. 1925 மார்ச்சில் காந்தி வந்தப்போ அவர்கிட்டயும் போச்சு. அவர், ஏற்கெனவே வாக்குக் குடுத்த அந்த ரெண்டு பேரை விட்டுடுங்க, இனிமே சேர்க்கறவங்களைச் சமபந்தின்னு சொல்லிச் சேருங்கன்னு நடுவாந்தரமா ஒண்ணு சொன்னார். யாருக்கும் ஒத்துவரலை. ஏப்ரலில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியில் எஸ். ராமநாதன் கொண்டுவந்த, தேசிய வேலையில் பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாது என்ற தீர்மானம் நிறைவேறியது, ராஜாஜி உள்ளிட்டவர்கள் கமிட்டியிலிருந்து விலகினார்கள். ஐயரும் குருகுலப் பொறுப்பை விட்டார். ஜூன் மாசம் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாத்தப் போய்த் தானும் போயிட்டார். நாப்பத்திநாலு வயசு. நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோட பெரியார் காங்கிரஸை விட்டார். தமிழ்நாட்டு அரசியல் அதுக்கப்புறம் போன திசை உங்களுக்கே தெரியும். எல்லாம் ரெண்டு இலையைத் தனியாப் போட்டதிலிருந்து.

அந்தப் பையனோட அப்பா 1947-ல் சென்னை மாகாணப் பிரதமரானார். (அப்போ முதலமைச்சரை அப்படித்தான் சொன்னாங்க.) அந்த வருஷமே கோயில் நுழைவுச் சட்டம் அவர் ஆட்சியில் வந்துச்சு. ரெண்டுக்கும் நேரா கோடு போட நான் தயாரில்லை. ஆனா ஓமந்தூரார் பேரைப் பார்க்கும்போதெல்லாம் இப்போ எனக்கு அந்தத் தண்ணிப் பானைதான் ஞாபகம் வருது.

என்னைப் பொறுத்தவரை ஐயர் தப்பு பண்ணினார். அவர் இலக்கியம் புரியாதவர் இல்லை. புரிஞ்சது அவ்வளவும் புஸ்தகத்துக்குள்ளேயே நின்னுடுச்சு. லைலாவோட கண்ணீரும் மங்கையர்க்கரசியோட கண்ணீரும் ஒண்ணுன்னு தெரிஞ்சவருக்கு, அடுத்த பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு பையனோட கண்ணீர் தெரியலை. தெரிஞ்சும், வாக்கு பெரிசாப் போச்சு.

இந்த இடத்தில் ஒரு அமெரிக்கப் பெண்மணியைச் சொல்லணும். லாரா பொஹானன், மானுடவியல்காரர். மேற்கு ஆப்பிரிக்காவில் திவ் மக்களோட தங்கியிருந்தப்போ மழைக்காலம். (அங்கேயும் மழை வந்தா வேலை இல்லை, கதைதான்!) ஹாம்லெட் கதை உலகம் பூரா ஒரே மாதிரிதான் புரியும்னு நம்பி அவங்களுக்குச் சொல்ல ஆரம்பிச்சார். பெரியவங்க குறுக்கே குறுக்கே நிறுத்தித் திருத்தறாங்க. அண்ணன் செத்தா தம்பி அண்ணியைக் கட்டிக்கறது நல்ல காரியம்தானே, அதில் என்ன தப்பு? செத்தவன் எப்படி நடந்து வருவான், அது மந்திரவாதி அனுப்பினதா இருக்கும்! கடைசியில் கதையையே அவங்க இவருக்கு விளக்கிச் சொல்லி அனுப்பினாங்க. 1966-ல் இதை ஒரு கட்டுரையா எழுதினார், வாய்விட்டுச் சிரிக்கலாம். படிச்சப்போ என் ஏழாங்கிளாஸ்காரன்தான் கண்முன்னாடி வந்தான், வெயில்ல வச்சா தானா வந்துரும்ல சார்.

ஈழத்துக் கைலாசபதி கொஞ்சம் வேற வழி. பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சன்கிட்ட ஆராய்ச்சி பண்ணி, 1968-ல் ஆக்ஸ்போர்டு போட்ட புஸ்தகத்தில் சங்கப் பாட்டையும் ஹோமரையும் ஒப்பிட்டார். மனுஷ மனசு ஒண்ணுங்கறதோட நிக்காம, பாணன் எப்படிப் பிழைச்சான், யார் சோறு போட்டாங்க, அந்தச் சமுதாயம் எப்படி இருந்துச்சுன்னு பார்த்தார். ஓடிசியில் டெமோடோக்கஸ்னு ஒரு குருட்டுப் பாணன் வருவான். விருந்தில் ஓடிசியஸ் தன் பங்குப் பன்றிக்கறியில் நல்ல துண்டா வெட்டி அவனுக்குக் குடுத்தனுப்புவான், அப்புறம்தான் பாடச் சொல்லுவான். நல்லியக்கோடன் நின்று பரிமாறினதும் இதுவும் ஒண்ணு போல இருக்குன்னா, ரெண்டு இடத்திலும் பாட்டுக்குக் கூலி சோறு. அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்கு இந்த வழியில்தான் பதில் சொல்ல முடியும்.

இவ்வளவும் தேடிப் படிச்சு, மார்கழியில் ஒரு ஞாயித்துக்கிழமை சேரன்மாதேவி கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். நல்லாத்தான் சொன்னேன், நானே சொல்லிக்கறேன். முடிச்சதும் யாரும் எதுவும் கேட்கலை. ஒண்ணு ரெண்டு பிள்ளைகள் திண்ணை ஓரத்தைப் பார்த்துச்சு. அங்கே பானை, மேலே டம்ளர். வீட்டுக்காரர் பிள்ளைகளுக்காக வச்சது.

கிளாஸ் முடிஞ்சு போகும்போது அந்த எட்டாங்கிளாஸ் பொண்ணு மட்டும் நின்னுச்சு. "நாங்க மூணு பேரு இங்க தண்ணி குடிக்க மாட்டோம் சார். வீட்டுக்குப் போய்க் குடிச்சுட்டு வருவோம்."

"யாராவது குடிக்கக் கூடாதுன்னாங்களாம்மா?"

"யாரும் சொல்லல சார்."

மூணு வருஷம். நடுவில் எழுந்து வீட்டுக்கு ஓடிட்டு வர்ற பிள்ளைகளை, கவனம் இல்லை, விளையாட்டுப் புத்தின்னு நானே ரெண்டு தடவை அதட்டியிருக்கேன். கதவைச் சாத்திட்டுச் சாப்பிட்ட வீட்டைப் பத்தி உருகி உருகிப் பாடம் எடுத்தவன் நான்.

அடுத்த வாரம் குழாய் வச்ச ஒரு டிரம் வாங்கிட்டுப் போய் வச்சேன். ரெண்டு டம்ளர். நானும் அதிலேயே குடிச்சேன். அன்னிக்குச் சாயங்காலமே ஒரு பையனோட அம்மா வந்தாங்க. நல்ல மாதிரி. "நாங்க ஒண்ணும் தப்பா சொல்லல சார். இவன் மட்டும் வீட்லேருந்து பாட்டில்ல கொண்டாந்துக்கட்டுமே. எதுக்கு சார் வம்பு?" என்றார்கள்.

நான் என்ன சொன்னேன்னு நினைக்கிறீங்க? ஐயரைப் பத்தி அவ்வளவு படிச்சுட்டு, "சரிம்மா, எல்லாருமே பாட்டில் கொண்டாரச் சொல்லிடலாம்" என்று சொன்னேன். பிரச்சினை தீர்ந்துச்சுன்னு பஸ் ஏறிட்டேன். கூனிமேடு தாண்டறதுக்குள்ள புரிஞ்சு போச்சு, ரெண்டு பேருக்குத் தனி இலை போட்டார் அவர், நான் பன்னிரண்டு பேருக்கும் தனி இலை போட்டுட்டு அதுக்குச் சமபந்தின்னு பேர் வச்சிருக்கேன்.

மறு ஞாயிறு போய் அந்த அம்மாகிட்ட மாத்திச் சொன்னேன். டிரம் அங்கேயே இருக்கும், பாட்டில் வேணாம். அவங்க கோபப்படலை. "உங்க இஷ்டம் சார்" என்றார்கள். பையன் வர்றதில்லை இப்போ. அவனோட தம்பியும் வர்றதில்லை. அந்தப் பெரியவன் நல்லாக் கேள்வி கேட்பான். உத்தாலகரை மடக்கினது அவன்தான். ரோட்டில் பார்த்தா சிரிக்கிறான், பேசறதில்லை. காந்தி சொன்ன நடுவாந்தர வழியிலேயே விட்டிருந்தா அவன் இருந்திருப்பான்னு சில ராத்திரி தோணுது. அந்த மூணு பேரும் தண்ணிக்கு இன்னும் வீட்டுக்கு ஓடிக்கிட்டிருந்திருப்பாங்க என்பதும் உடனே தோணுது.

அடுத்த மாசத்துக்கு "பயணம்". ஓடிசியில் ஒரு இடம் இருக்கு. செத்தவங்க உலகத்தில் டைரீசியஸ் ஓடிசியஸ்கிட்ட, ஒரு துடுப்பைத் தோளில் வச்சுக்கிட்டு உள்நாட்டைப் பார்த்து நட, கடலையே தெரியாத, சோத்தில் உப்புப் போடாத ஜனங்க இருக்கிற இடம் வரும், அங்கே ஒருத்தன் உன் துடுப்பைப் பார்த்து, இது தானியம் தூத்தற சாமான்தானேன்னு கேட்பான், அங்கே துடுப்பை நட்டுட்டுத் திரும்புங்கறான். உமணர் வண்டி போன வழி மாதிரியே ஒரு வழி. இதைச் சொல்லும்போது துடுப்புக்கு நான் ஏற்பாடு பண்றேன்னு ஒருத்தன் சொல்லியிருக்கான், அவன் மாமா போட்டுக்காரர். முறம் அந்தப் பொண்ணு கொண்டாருது.